எல்லர்மன் குண்டுகள் படத்தில் ஏன் தெரிவதில்லை?

“சூரியப்புள்ளிகளுக்கு அருகே எல்லர்மன் குண்டுகள் வெடிப்பதாகப் படித்தேன். ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி வழியாக எடுத்த படங்களில் எவ்வளவு தேடியும் அவை தென்படவில்லையே?” என்று பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1917-இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஃபெர்டினாண்ட் எல்லர்மன் விவரித்த இந்த ஒளிப்பொட்டுகள், சூரியனின் உள்ளிருந்து புதிய காந்தப்புலம் மேலெழும் இடங்களில் தோன்றிச் சில நிமிடங்களில் மறைகின்றன. எதிரெதிர்த் திசை கொண்ட காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக இணையும்போது விடுபடும் ஆற்றல், ஒளிமண்டலத்தின் (நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பின்) மேலடுக்கில் சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு வாயுவைச் சூடாக்குகிறது.

ஆனால் அந்த இடத்துக்கு மேலே நிறமண்டலத்தின் (ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள வாயு அடுக்கின்) இழைகள் ஓலைக் கூரைபோல் படர்ந்திருக்கின்றன. ஹைட்ரஜன்-ஆல்ஃபா நிறக்கோட்டின், அதாவது ஹைட்ரஜன் உமிழவும் உறிஞ்சவும் செய்யும் குறுகிய சிவப்பு ஒளிப்பட்டையின், நடு அலைநீளமான 656.3 நானோமீட்டரில், கீழிருந்து வரும் ஒளியை அவ்விழைகளிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், அங்கே நமக்குக் கூரை மட்டுமே தெரிகிறது. நடுவிலிருந்து ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் விலகினால் கூரை அனேகமாக ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடுகிறது. குண்டின் அடர்ந்த, சூடான வாயுவோ, அணுக்களின் வேகத்தாலும் அண்டைத் துகள்களின் மின்புலத்தாலும் அகன்றுபோன கோட்டில் ஒளிர்வதால், அவ்வொளி தடையின்றி வெளியேறுகிறது. ஆகவே நிறமாலையில் இருபுறமும் பிரகாசமும் நடுவில் இருளும் தெரிகின்றன. என்னைப் பெரிதும் கவர்வது அந்த நடு இருள்தான்: வெடிப்பு கூரைக்குக் கீழேதான் நிகழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று, அதை அறிய வேறு கருவி வேண்டியதில்லை.

சூரியனை ஆராய 2013-இல் ஏவப்பட்ட நாசாவின் ஐரிஸ் விண்கலமும் இதே தர்க்கத்தைப் பயன்படுத்தியது. சுமார் 80,000 டிகிரி வெப்பமுள்ள வாயுவின் புறஊதா நிறமாலையில் குளிர்ந்த வாயு ஒளியை விழுங்கியதால் உண்டாகும் இருண்ட கோடுகள் பதிந்திருந்ததால், அந்தச் சூடான பொதிகளும் குளிர்ந்த அடுக்குக்குக் கீழேதான் இருந்தன என்று ஆய்வாளர்கள் அறிந்தார்கள். அவற்றுள் சில, எல்லர்மன் குண்டுகள் வெடித்த இடங்களிலேயே காணப்பட்டுள்ளன.

இவ்வளவு சிறிய குண்டுகளை நுணுக்கமாகப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி தேவை. இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் சூட் (SUIT) என்ற புறஊதாத் தொலைநோக்கியில் ஒரு படத்துளியே (பிக்சல்) சூரியனில் சுமார் 500 கிலோமீட்டரை அடக்கிவிடுகிறது. லடாக்கின் மேராக்கில் 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கி அமைக்க, கோரமங்களாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நெடுங்காலமாகத் திட்டமிட்டு வருகிறது. வளிமண்டலக் கலக்கத்தைத் திருத்த முடிந்தால் அது 60 கிலோமீட்டர் அளவிலான நுணுக்கத்தையும் காட்டக்கூடும். விண்கலங்களுக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் இத்தகைய தரைத் தொலைநோக்கிகளுக்கும் தயக்கமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் தேடிய படங்கள் பெரும்பாலும் கோட்டின் நடுவில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். புதிதாக வளரும் சூரியப்புள்ளிக் கூட்டம் ஒன்றை, நடுவிலிருந்து 0.1 நானோமீட்டர் தள்ளி எடுத்த படங்களில், அடுத்தடுத்த சில நிமிடங்களை ஒப்பிட்டுத் தேடினால், புள்ளிகளுக்கு இடையே அவை தென்படக்கூடும்.