டொமஸ்டிகேஷன்: பூனைக்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும்?

டொமஸ்டிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் ‘டோமுஸ்’, அதாவது வீடு. காட்டு உயிர் ஒன்று தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து, உடலும் குணமும் மாறி வீட்டினமாவதுதான் டொமஸ்டிகேஷன். காட்டு யானையைப் பிடித்து வேலைக்குப் பழக்குவது இதில் சேராது. அந்த யானை பழகியதே தவிர, யானை இனம் மாறவில்லை.

தமிழில் பழக்கப்படுத்தல் என்பார்கள், கொல்லைப்படுத்தல் என்றும் எழுதுகிறார்கள். ஆடு, கோழி, அவரைக்கொடிக்கெல்லாம் கொல்லை சரி. பூனை கொல்லையோடு நிற்கிற பிராணியா? அடுப்படிவரை வந்து படுத்துக்கொள்ளும். அதைவிட எனக்கு உறுத்துவது ‘படுத்தல்’. அது பிறவினை, செய்தவர் வேறொருவர் என்று சொல்கிறது. மாட்டைப் பழக்கினோம், உண்மை. பூனையோ தானே பழகிக்கொண்டது.

மேற்காசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் தானியம் விளைத்துச் சேமித்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகள் பழைய கல்லறை ஒன்றில் மனிதர் ஒருவருக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். 2004-இல் இச்செய்தி வெளியானது. அந்தத் தீவுக்கென்று சொந்தப் பூனையினம் கிடையாது. அப்படியென்றால் யாரோ படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் வீட்டுப்பூனைகளின் மூதாதையாக மேற்காசியக் காட்டுப்பூனையைத்தான் காட்டியது. பண்டைய எகிப்தில் பூனையின் பெயர் ‘மியூ’. கத்துகிற மாதிரியே பெயர். வீட்டுப்பூனை செத்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்கிறார் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

நம்மிடம் பழைய சொற்கள் இரண்டு: வெருகு, பூசை. ‘வெவ்வாய் வெருகினைப் பூசை என்றலும்’ என்று தொல்காப்பிய மரபியல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. (இன்று பூசை என்றால் மணியோசைதான் நினைவுக்கு வரும்.) வெருகு காட்டுப்பூனை. குறுந்தொகை 139-இல் அது எங்கே நிற்கிறது பாருங்கள்: ‘வேலி வெருகினம் மாலை உற்றென’. மாலையில் வேலியோரம் வெருகு வர, வீட்டுக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்த வெருகு வேலியைத் தாண்டி வீட்டினமாகவில்லை. மேற்காசியாவில் அதன் ஒன்றுவிட்ட உறவு தாண்டிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், தமிழில் என்ன சொல்லலாம்? டோமுஸுக்கு நேர்ச்சொல் மனை. ஆகவே மாட்டுக்கும் ஆட்டுக்கும் மனைப்படுத்தல், பூனைக்கு மட்டும் தன்வினையாக மனைப்படுதல். மனை என்றதும் பத்திரப்பதிவும் பட்டாவும் நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டும், பூனை பட்டா இல்லாமலேதான் குடியேறியது.