மரத்தடியில் சிமென்ட் பூசாதீர்கள்

மறுபடியும் ஒரு தூங்குமூஞ்சி மரம். சென்னையில் ஒரு குடியிருப்பின் வாசலில், பெரிய காற்றுகூட இல்லாத ஒரு மாலையில் வேரோடு சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அடியில் ஆள் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் "வயசான மரம் சார், உளுத்துப்போச்சு" என்று சங்கத்தில் முடிவுகட்டி விட்டார்கள். தண்டில் உளுப்பே இல்லை. சாலைப் பக்கத்து வேர்கள் அத்தனையும் ஒரே கோட்டில் அறுபட்டிருந்தன. வடிகாலுக்கு ஜேசிபி தோண்டிய கோடு அது. மற்ற மூன்று பக்கமும் தண்டை ஒட்டி பேவர் பிளாக்.

மரங்களைப் பரிசோதிப்பது என் தொழில். விழுந்த மரத்தைப் பார்க்கக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் இதே காட்சிதான். நிழல், குளுமை, மழைநீர் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது வேரைப் பற்றித்தான்.

"ஆணிவேர் ஆழமாப் போயிருக்கும், மேலே என்ன பண்ணினா என்ன?" படித்தவர், படிக்காதவர், ஒப்பந்தக்காரர், பொறியாளர் எல்லோரும் சொல்வது இதுதான். பாடப்புத்தகத்தில் பார்த்த படம் மனதில் அப்படியே தங்கிவிட்டது: மேலே கிளைகள் விரிந்த அளவுக்குக் கீழே வேர் இறங்கியிருக்கும் என்று. வளர்ந்த மரம் அப்படி இருப்பதில்லை. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள், தரையில் விரித்த பாய் போலப் படர்ந்திருக்கும். அகலத்திலோ கிளைகளின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போகும். காரணம் எளிது. வேரும் மூச்சுவிடுகிறது. காற்றும் ஈரமும் மேல்மண்ணில்தான் கிடைக்கும். ஆக, நீங்கள் ஆறு அங்குலம் கான்கிரீட் போடும்போது மரத்தின் "மேலே" எதையோ செய்வதாக நினைக்காதீர்கள். அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து அடைக்கிறீர்கள். மூன்றடிப் பள்ளம் தோண்டினால் அந்தப் பக்கத்தில் அதற்கு இருந்த பிடிமானம் அனேகமாக முழுதும் போய்விடும். மரம் உடனே வாடாது, அதுதான் கொடுமை. இரண்டு மூன்று வருடம் பச்சையாக நிற்கும். பிறகு ஒரு மழை நாளில் விழும்போது பழி மரத்தின் மேல்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. கிண்டி தேசியப் பூங்காவிலும் மரங்கள் விழுந்தன. சுமார் 270 ஹெக்டேர் காடு அது, நகரத்தின் நடுவில். 1978 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு மரம் விழுந்தால் அந்த இடத்தில் அடுத்தது முளைக்க மண் இருக்கிறது, மூடிக்கொள்ளச் சருகு இருக்கிறது. தெருவில் விழுந்தால்? குழியைக் கான்கிரீட் போட்டு அடைத்து நடைபாதையாக்கி விடுகிறோம். அந்த இடத்தில் இனி மரமே கிடையாது. அடையாறு ஆலமரத்தைப் பாருங்கள். 1989-இல் அடிமரம் சாய்ந்தும் மரம் பிழைத்திருக்கிறது. விழுதுகள் இறங்கி ஊன்றிக்கொள்ளத் திறந்த மண் இருந்ததால்தான் அது நடந்தது. நம் தெரு ஆலமரங்களின் விழுதைத் தலைக்கு மேலேயே வெட்டுகிறோம், தப்பி இறங்கினாலும் கீழே தார்.

"பத்துக் கன்று நட்டுடறோம்" என்பதும் பதிலாகாது. முப்பது வருட மரத்தின் நிழலைப் பத்துக் கன்று பத்து வருடத்திலும் தராது. அதுவும் பிழைத்தால்தான். காலி மனைகளில் நெருக்கமாக நடும் மியாவாக்கி காடுகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் வெயிலில் நடந்து போகிறவருக்குத் தேவை நடக்கும் தெருவிலேயே ஒரு மரம்.

இனி செய்ய வேண்டியது. தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்றடி மண் தெரியட்டும். தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. இருப்பதை உடைக்கும்போது தண்டருகே பிரேக்கர் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். திறந்த இடத்தில் செம்மண்ணைக் கொட்டி அடித்தண்டைப் புதைக்காதீர்கள். அதுவும் மரத்தைக் கொல்லும். இரண்டு மூன்று அங்குலம் சருகு பரப்புங்கள், தண்டில் படாமல். அந்தச் சருகைக் கூட்டி எரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பள்ளம் தோண்ட வந்தால் ஒரு கணக்கு: நெஞ்சுயரத்தில் தண்டின் விட்டம் எத்தனை அங்குலமோ, அத்தனை அடிக்குள் தோண்டாமல் இருப்பது நல்லது. நகரத்தில் இது பெரும்பாலும் முடியாது என்று எனக்கும் தெரியும். முடியாத இடத்தில் கையால் தோண்டச் சொல்லுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த வேரை வெட்டாமல் அதன் அடியிலேயே குழாயைக் கொண்டுபோகலாம். வேலை ஆட்கள் முடியாது என்பார்கள். முடியும், நான் செய்ய வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்கு முன் "பாரம் குறைக்கிறோம்" என்று உச்சியை மொட்டையடிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பலமாக ஒட்டியிருக்காது. பிறகு அவைதான் முறியும். காய்ந்த கிளையை மட்டும், கிளைக்கழுத்தை, அதாவது கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பை, சேதப்படுத்தாமல் வெட்டினால் போதும்.

பல வருடமாகச் சாய்ந்தே நிற்கும் மரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிதாகச் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து உயர்ந்திருந்தால், அடியில் காளான் முளைத்திருந்தால் கீழே வண்டி நிறுத்தாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். அன்றே விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியபின் கூப்பிட்டால் எங்களாலும் அதிகம் செய்ய முடியாது.