மண் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு முந்தனை ஆற்றில் மண் அள்ள டிப்பர் இறங்குகிற இடங்களில் ஒரே கதைதான். அள்ள அள்ள ஆற்றின் அடி தாழ்கிறது. வாய்க்கால் வாய் மேலே நின்றுவிடுகிறது, வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கரையில் மருதமர வேர் அந்தரத்தில் தொங்குகிறது. கேட்டால் “பெர்மிட் இருக்கு” என்பார்கள். ஊரில் அதைக் கண்டவர் யாருமில்லை.

அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் தந்த உரிமை அது.

அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். ஆனால் பிரதேச செயலகம் பணியகத்தைக் கை காட்டும், பணியகம் சுற்றாடல் அதிகாரசபையைக் கை காட்டும். அலையாமல் மூன்று கந்தோரின் தகவல் அலுவலருக்கும் ஒரே நாளில் தனித்தனியாக விண்ணப்பம் போடுங்கள்.

“ஏன் அனுமதித்தீர்கள்?” என்று எழுத வேண்டாம். “அப்படியொரு தகவல் எம்மிடம் இல்லை” என்று கை விரித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன கிராம சேவகர் பிரிவில், இன்ன துறையடியில், இன்ன திகதிகளுக்குள் செல்லுபடியான மண் அகழ்வு அனுமதிப்பத்திரங்களின் பிரதி, எல்லை வரைபடம், எத்தனை கியூப், சிபாரிசுக் கடிதங்கள், நிபந்தனைகள். நிபந்தனைப் பக்கத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எவ்வளவு ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், இயந்திரம் இறக்கலாமா என்பதை அங்கேதான் தேட வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிற கந்தோர்களும் உண்டு.

“உங்களுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரஜை என்றால் போதும். மண் முதலாளி பக்கத்து வீட்டுக்காரர் என்று பயமா? அக்கரைப்பற்றில் இருக்கிற மச்சான் பெயரில் போடுங்கள். படிவம் முடிந்துவிட்டது என்றால் வெள்ளைத்தாளில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். “ஐயா லீவு, திங்கள் வாங்க” என்பதற்கெல்லாம் திரும்பிப் போகாதீர்கள். பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கான கடிதம் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். அது இல்லையென்றால் நாள் எண்ண முடியாது.

நாள் எண்ணுவதில்தான் பலர் தோற்கிறார்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா இதில் சேராது. அதற்குள் பதில் இல்லையென்றால், மறுத்ததாக எடுத்துக்கொண்டு 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். “கொழும்பில் கேட்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கோ” என்று தொலைபேசியில் இனிமையாகச் சொல்வார்கள். பொறுத்தால் உங்கள் 14 நாள் போய்விடும், அவர்களுக்கு ஒன்றும் போகாது. மேன்முறையீட்டுக்கு மூன்று வாரத்தில் பதில் வர வேண்டும். அதுவும் சரிவரவில்லையா, இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

ஒன்று, இந்த விண்ணப்பம் டிப்பரை நிறுத்தாது. பிரதி கைக்கு வந்த பிறகு, வயல் தண்ணீரைப் பார்க்கிற வட்டவிதானையையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், எல்லையையும் ஆழத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீறல் இருந்தால் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பணியகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

“அவ்விடத்துக்கு அனுமதிப்பத்திரம் எதுவும் வழங்கப்படவில்லை” என்று பதில் வந்தால் சோர்ந்து வீட்டுக்குப் போகாதீர்கள், அதைவிட நல்ல கடிதம் கிடைக்காது. அதன் பிரதியோடு பொலிஸில் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.