ட்ரியாஜில் 'மூன்று' எங்கே இருக்கிறது?

அடிபட்டவர்கள் பலர் ஒரே நேரத்தில் வரும்போது யாரை முதலில் கவனிப்பது என்று பிரிப்பதற்கு மருத்துவத்தில் ட்ரியாஜ் (triage) என்று பெயர். போன மாதம் ஒரு முதலுதவிப் பயிற்சியில் அதற்கான தமிழை மறுபடியும் கேட்டேன்: 'மூவகைப்படுத்தல்'. திரையில் 'ட்ரை-ஏஜ்' என்று அசை பிரித்துப் போட்டிருந்தார்கள். ட்ரை என்றால் மூன்றாம், ட்ரைசைக்கிள் மாதிரி. அப்போ ஏஜ் என்றால் வயதா என்று கேட்க வாய் வரை வந்தது.

சொல் பிரெஞ்சு. 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது. அதன் தொழிற்பெயர் ட்ரியாஜ். இரண்டே அசை: ட்ரி-யாஜ். நடுவில் வரும் யகரம் நமக்குப் புதிதில்லை, கிளி+அழகு கிளியழகு ஆவது போலத்தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிப்பதால் கெடுகிறது. ஆங்கிலேயரே 'ட்ரீயாஜ்' என்றுதான் சொல்கிறார்கள்.

மருத்துவத்துக்கு வருமுன் இது சந்தைச் சொல். கம்பளியைத் தரம் பிரிப்பதற்கு வழங்கியது. காப்பி வியாபாரத்தில் உடைந்த கழிவுக் கொட்டைக்கும் இதே பெயர். அங்கே எந்த மூன்று? பேரிடர்க் களத்தில் அவசரத்தைக் காட்ட அடிபட்டவர்மேல் கட்டும் அட்டைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என நான்கு. மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் கையாளும் மான்செஸ்டர் முறையில் ஐந்து படிகள். மூவகை என்று பெயர் வைத்துவிட்டு நாலாவது ஆளை எங்கே படுக்க வைப்பது? சில இடங்களில் மூன்றாகப் பிரிப்பதும் உண்டுதான். அது நடைமுறை, சொல்லின் பொருளல்ல. அகராதியைப் புரட்ட ஒரு நிமிடம் ஆகாது, நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கோ முதல் அசையைப் பார்த்ததுமே பேனா ஓடிவிடுகிறது.

'முன்னுரிமைப்படுத்தல்' அவ்வளவு மோசமில்லை. ஆனால் நம் ஊரில் முன்னுரிமை என்றதும் சிபாரிசுக் கடிதம்தான் நினைவுக்கு வரும். நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே செய்தது நேர் எதிர்: பதவியைப் பார்க்காமல், காயம் கடுமையானவனை முதலில் கவனித்தார். (அவர் ட்ரியாஜ் என்ற சொல்லை ஆளவில்லை; மருத்துவத்தில் அது முதல் உலகப்போரில்தான் பரவியது.)

'தரம் பிரித்தல்' மூலத்துக்கு மிக நெருக்கம். வெங்காய மண்டியில் சரி. அடிபட்டுக் கிடப்பவரிடம் சொல்ல நாக்கூசுகிறது.

நான் 'அவசரம் பிரித்தல்' என்கிறேன். பிரிப்பது ஆளை அல்ல, அவசரத்தை. அவசரம் வடசொல் என்று நண்பர் ஒருவர் முறைக்கிறார். அவர் தரும் 'விரைவுப் பகுப்பு' விரைவாகப் பகுப்பது என்றாகிவிடுகிறது. வாசலில் 'அவசரம் பிரிக்கும் இடம்' என்று எழுதிவைத்தால், மூச்சுவாங்கும் அப்பாவைத் தாங்கிக்கொண்டு வரும் மகளுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியும்.