திக்கலை எண்ணுவது எப்படி?

பேச்சுப் பயிற்சி தொடங்கும் முன் திக்கலை அளந்தாக வேண்டும். அதற்கு வீடியோதான் சரி. உதடு ஒட்டிக்கொண்டு சத்தமே எழும்பாமல் நிற்கிற அடைப்பு, ஒலிப்பதிவில் வெறும் இடைவெளியாகத்தான் கேட்கும். ஆகவே முகம், கழுத்து, கை எல்லாம் படத்தில் விழ வேண்டும். குறைந்தது 300 அசையாவது (யாப்பு அசை அல்ல, ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ என்பது) பேசவைக்க வேண்டும், அதுவும் வீட்டுப் பேச்சில். ‘என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டால் ‘இட்லி’யோடு கதை முடிந்துவிடும். ‘2023 டிசம்பர் வெள்ளத்தப்ப உங்க தெரு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் நெல்லைக்காரர் யாரும் லேசில் நிறுத்தமாட்டார்.

தமிழில் சொற்களை எண்ணிப் பயனில்லை; அசையைத்தான் எண்ண வேண்டும். ‘போயிட்டிருக்கேன்’ ஒரே சொல், ஆனால் ஐந்து அசை. எழுதிப் பார்த்துப் புள்ளி எழுத்துகளைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்: பாளையங்கோட்டைக்கு ஏழு எழுத்து, ஐந்து அசை. ‘பா-பா-பாளை’ என்றால் இரண்டு அசை, ஒரு திக்கல். திரும்பி வந்த ‘பா’க்களை அசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 300 அசையில் 18 திக்கல் என்றால் 6 சதவீதம். 3 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டியது என்பது பொதுவான வழக்கம்.

எதைத் திக்கல் என்று எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது, ஒலி இழுபடுவது, அடைபடுவது மூன்றும் திக்கல். ‘மடமட’, ‘சரி சரி’ எல்லாம் சாதாரணப் பேச்சு. ‘ஏ...லே’ என்ற இழுப்பு ஊர்ப்பேச்சின் ராகம். வெளியூர்ப் பயிற்சியாளர் அதையும் எண்ணிவிடக்கூடும். ‘வந்து... வந்து...’ கொஞ்சம் சிக்கலானது. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கடினமான ஒலிக்கு முன்னால் மட்டும் வருகிறதென்றால், அது தள்ளிப்போடுகிற உத்தி. அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்து நேரம். மிக நீண்ட மூன்று திக்கல்களின் சராசரியை எடுப்பார்கள்: 4.2, 3.1, 2.3 விநாடி என்றால் 3.2. கண் சிமிட்டல், தலை வெட்டல், தொடையில் தட்டல் போன்றவற்றுக்குத் தனி மதிப்பெண்.

இவ்வளவு அளந்த பிறகும் சிலர் கணக்குக்குத் தப்பிவிடுவார்கள். நெல்லை ஜங்ஷனில் பஸ் ஏறி, ‘பாளை’ என்று வாய் வராததால் அங்குள்ள நிறுத்தத்தைச் சொல்லி ‘மார்க்கெட் ஒண்ணு’ என்று டிக்கெட் வாங்குகிறவர் சொல்லை மாற்றியே காலம் தள்ளுகிறார். அவர் பதிவில் 2 சதவீதம்கூட வராது. அதனால் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும், பெயர் சொல்லிப் போன் பேசச் சொல்ல வேண்டும். அங்கே மாற்றுச்சொல் கிடையாது. ஒரே பத்தியைத் திரும்ப வாசித்தால் திக்கல் குறைந்துவிடும் என்பதால் முதல் வாசிப்பைத்தான் எண்ண வேண்டும். எங்கெல்லாம் பேசாமல் ஒதுங்குகிறார், பேசுவதற்கு முன் எவ்வளவு பயம் என்பதைக் கேள்வித்தாளில் கேட்டு வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், சதவீதத்தைவிட இந்தத் தாள்தான் பயிற்சியின் போக்கைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குகிற குழந்தைத் திக்கல், நாலில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடும். நாக்கில் தேய்த்த வசம்புக்குப் பேர் கிடைப்பது அப்படித்தான். குடும்பத்தில் யாருக்காவது திக்கல் நிலைத்திருந்தாலோ, தொடங்கி ஓராண்டு கடந்தாலோ காத்திருக்கக் கூடாது. காதுகேட்பையும் சோதித்துவிட வேண்டும். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று திக்கல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. முதலில் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும், பக்கவாதமாகவும் இருக்கலாம்.