புது பைபிளில் வசனத்தை எடுத்துவிட்டார்களா? சொந்தமாகப் படிக்க ஒரு மொழிபெயர்ப்பு வாங்கும் முன்

சபைகளில் வேதபாட வகுப்பு எடுப்பதும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் என் வேலை. வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வருவார். "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க, புது பைபிள்ல வசனத்தையே எடுத்துட்டாங்களாமே?" வாட்ஸ்அப்பில் வந்த செய்தியாக இருக்கும். மத்தேயு 17:21, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7 என்று ஒரு பட்டியல், கீழே இது பிசாசின் தந்திரம், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு வரி. அதைப் படித்துப் பயந்து, வாங்கிய பைபிளைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். படிக்க ஆசைப்பட்டு வாங்கிய புத்தகம் அது, அதனால்தான் வருத்தமாக இருக்கிறது.

முதலில் இந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் பழைய திருப்புதல், ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. அதன் புதிய ஏற்பாட்டுக்கு அடிப்படை, எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பிலிருந்து வளர்ந்து வந்த பாடம். எராஸ்மஸ் கையில் இருந்தவை சில கையெழுத்துப் பிரதிகள்தான், அவையும் பெரும்பாலும் பிற்காலத்தவை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி சில வசனங்கள் அவரிடம் கிரேக்கத்தில் இல்லாததால், லத்தீனைப் பார்த்து அவரே கிரேக்கத்தில் எழுதிச் சேர்த்தார். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று வரும் 1 யோவான் 5:7 அவருடைய முதல் இரண்டு பதிப்புகளில் கிடையாது, 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. அதற்குப் பிறகு, சீனாய் மலையடிவாரத்து மடத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுப் பிரதி போன்ற மிகப் பழைய கையெழுத்துகள் அறிஞர்கள் கைக்கு வந்தன. அவற்றில் இந்த வரி இல்லை. ஆக, பின்னாளில் வந்து சேர்ந்த வரியைத்தான் இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் மூலபாடத்தோடு சேர்க்காமல் விடுகிறார்கள். மறைக்கவும் இல்லை, பல பதிப்புகளில் அடிக்குறிப்பிலோ அடைப்புக்குறிக்குள்ளோ அதைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் அப்போஸ்தலர் 8-இல் வசன எண் ஏன் 36-லிருந்து 38-க்குத் தாவுகிறது? புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் போட்டார். அப்போது அவர் கையில் இருந்த பாடத்துக்குப் போட்ட எண்கள் அவை. பின்னால் வந்தவர்கள் எண்களை மாற்றினால் உலகம் முழுக்கக் குழப்பம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். 1 யோவான் 5:7 இல்லாததால் திரித்துவமே போய்விட்டது என்று பதறுகிறவர்கள் மத்தேயு 28:19-ஐயும் 2 கொரிந்தியர் 13:14-ஐயும் (சில பதிப்புகளில் 13:13) எந்த மொழிபெயர்ப்பிலும் திறந்து பார்க்கலாம். மத்தேயு 17:21 இல்லாததால் உபவாசத்தை எடுத்துவிட்டார்கள் என்கிறவர்கள் மத்தேயு 6:16-ஐயும் அப்போஸ்தலர் 13:2-3-ஐயும் பார்க்கலாம். எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன.

சரி, எதை வாங்குவது? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? மனப்பாடம் செய்ய, குடும்ப ஜெபத்தில் வாசிக்க, பாட்டுகளில் வரும் வசனத்தைக் கண்டுபிடிக்க என்றால் பழைய திருப்புதலை விட வேண்டாம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பது நம் பாட்டிமார் சாகும் நேரத்தில் வாயில் வைத்திருந்த வரி, அதன் ஓசைக்கு ஈடு இல்லை. ஆனால் உட்கார்ந்து படித்து, இந்த இடத்தில் பவுல் என்ன சொல்ல வருகிறார் என்று பிடிக்க வேண்டுமென்றால் அது ஒன்று மட்டும் போதாது. இதை நான் அழுத்தமாகவே சொல்வேன், சில பெரியவர்களுக்குக் கோபம் வந்தாலும் சரி.

ஒரு உதாரணம். 1 பேதுரு 5:7, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." வாலிபர் கூட்டம் ஒன்றில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் தயங்காமல், "நாம என்ன தப்பு பண்ணோம்னு விசாரிப்பார் ஐயா" என்றான். அவன் மேல் தப்பில்லை, விசாரணை என்றால் அவனுக்குத் தெரிந்தது போலீஸ் ஸ்டேஷன்தான். பரிவோடு பார்த்துக்கொள்வது, அக்கறை காட்டுவது என்ற அர்த்தம் அந்தக் காலத் தமிழில் இயல்பாக இருந்தது. யாக்கோபு 1:27-இல் விதவைகளை "விசாரிக்கிறதும்" என்று வருவதும் அதுதான். ஆறுதல் சொல்ல எழுதிய வசனம் ஒரு பிள்ளைக்குப் பயமுறுத்தும் வசனமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் இன்றைய தமிழில் இன்னொரு மொழிபெயர்ப்பு இருந்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான்.

இன்னொரு சிக்கல் அச்சில் இருக்கிறது. பழைய திருப்புதலில் ஒவ்வொரு வசனமும் தனிப் பத்தியாக நிற்கும், மேற்கோள் குறியும் கிடையாது. அதனால் ஒவ்வொரு வசனமும் தனித்தனி வாக்குத்தத்தம் மாதிரி நம் கண்ணில் படுகிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கமும் அதை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. எரேமியா 29:11-ஐ அட்டையில் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டியவர்களில் எத்தனை பேர் முந்தின வசனத்தைப் படித்திருப்பார்கள்? பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எழுதின கடிதம் அது, எழுபது வருஷம் கழிந்த பிறகு என்று அங்கேயே இருக்கிறது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13) என்று பரீட்சை ஹாலுக்குப் போகும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு முந்தின வரியில் பவுல் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார், பட்டினியைப் பற்றிப் பேசுகிறார். பத்தி பிரித்து அச்சிட்ட பதிப்பில் படித்தால் இந்தத் தொடர்ச்சி தானாகவே கண்ணில் படும்.

அதனால் சொந்தப் படிப்புக்கு இரண்டாவதாக நான் சொல்வது திருவிவிலியம், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து மூலமொழிகளிலிருந்து செய்தது. சங்கீதம் கவிதையாக வரி பிரித்து வரும், அடிக்குறிப்பு உண்டு, பத்தி உண்டு. சவக்கடல் சுருள்கள் 1947-இல் கிடைக்கத் தொடங்கிய பிறகு வந்த ஆராய்ச்சியையும் பார்த்துச் செய்யும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது, 1871-இல் யாருக்கும் அது இல்லை. "அது ஆர்.சி. பைபிள் ஆச்சே" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிப்பதும் இதுதான், உண்மை. சீர்திருத்த சபைகள் வேதாகமத்தில் சேர்க்காத இணைத் திருமுறை நூல்களும் சேர்த்து 73 நூல்கள் இருக்கும். உங்கள் சபை 66-ஐ மட்டும் ஏற்றுக்கொள்வதானால் அந்த 66-ஐப் படியுங்கள், அவை முழுதாக இருக்கின்றன. பெயர்கள்தான் முதலில் தடுமாற வைக்கும். ஆதியாகமம் தொடக்கநூலாக இருக்கும், யாத்திராகமம் விடுதலைப் பயணமாக இருக்கும், கர்த்தர் ஆண்டவராக இருப்பார். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும், தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் ஈ.ஆர்.வி. (Easy-to-Read Version) என்கிற எளிய மொழிபெயர்ப்பு நல்லது. நீளமான வாக்கியங்களைச் சின்னதாக வெட்டியிருப்பார்கள். எபேசியர் 1:3-14 கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், அதை அப்படியே தமிழில் தந்தால் புதியவர் இரண்டாம் வரியிலேயே மூடி வைத்துவிடுவார். ஆனால் எளிமையாக்கும்போது பல அர்த்தம் தரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளரே ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிடுவார், அதனால் உபதேசம் பற்றிய விவாதத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய நடையும் வேண்டும், புரியவும் வேண்டும் என்கிறவர்கள் ஐ.ஆர்.வி. (Indian Revised Version) பதிப்பைப் பார்க்கலாம்.

கடையில் அட்டையின் அழகையும் ஜிப்பையும் பார்க்கும் முன் முன்னுரையைத் திறந்து பாருங்கள். யார் செய்தார்கள், தனி ஒருவரா, ஒரே அமைப்பா, பல சபைகள் சேர்ந்த குழுவா, எந்த மூலபாடத்திலிருந்து என்று அங்கே இருக்க வேண்டும். யாரும் வீட்டு வாசலில் இலவசமாகக் கொடுத்தாலும் இதையே பாருங்கள். யெகோவாவின் சாட்சிகளின் புதிய உலக மொழிபெயர்ப்பில் யோவான் 1:1 நம் எல்லாப் பதிப்புகளிலிருந்தும் வேறுபடும், அது அவர்களுடைய உபதேசத்தோடு சேர்ந்து வருவது. விளக்கவுரையோடு வரும் ஸ்டடி பைபிள் வாங்கினால், கோட்டுக்கு மேலே இருப்பதுதான் வேதம், கீழே இருப்பது ஒரு மனிதரின் அல்லது குழுவின் கருத்து. வகுப்பில் கீழே இருப்பதை வசனம் மாதிரி மேற்கோள் காட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மொபைல் ஆப்பில் படிக்கிறவர்கள் மேலே எந்தப் பதிப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில ஆப்களில் அடிக்குறிப்பு சின்ன அடையாளமாகத்தான் தெரியும், தொட்டால்தான் திறக்கும்.

இரண்டு வாங்கக் காசில்லை என்றால் வீட்டில் இருக்கும் பழைய திருப்புதலே போதும், இரண்டாவதைப் போனில் இலவசமாகப் பாருங்கள். பிலிப்பியரில் ஆரம்பியுங்கள், நாலே அதிகாரம், 104 வசனம். முதலில் ஒரே மூச்சில் ஒரு பதிப்பில் வாசித்துவிடுங்கள். அப்புறம் மற்றதில் மெதுவாக, பென்சிலோடு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அடிக்குறிப்பைப் பாருங்கள், முன்னும் பின்னும் ஒரு பத்தி படியுங்கள். அதன் பிறகும் தெளியாத இடங்களைக் குறித்துக்கொண்டு உங்கள் போதகரிடமோ வேதபாட ஆசிரியரிடமோ போங்கள், அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.