நீதிபதியின் மணிக்கூடு யார் கையில்?

ஜேர்மனியில் அகதி வழக்குகளுக்குத் தமிழ் மொழிபெயர்க்கப் போகிறவன் நான். விசாரணைத் திகதிக்காகக் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "அண்ணை, கேஸ் போட்டு ரெண்டு வருசமாச்சு, அந்த நீதிபதி என்னதான் செய்யிறார்?"

அவர் சும்மா இல்லை. பகலில் நடந்த விசாரணையின் தீர்ப்பை இரவில் வீட்டிலிருந்து எழுதுகிறவர்களும் உண்டு, அதற்கு ஓவர்டைம் காசு கிடையாது, ஏனென்றால் இங்கே நீதிபதிக்கு அலுவலக நேரம் என்றே ஒன்று நிர்ணயிக்கப்படவில்லை. இதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். மணிக்கணக்குப் பார்க்கத் தொடங்கினால், "இந்தக் கேஸுக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று மேலே இருப்பவர் கேட்பார். கேட்டும் இருக்கிறார்கள். 2012-ல் கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரை, சராசரியைவிடக் குறைவாக வழக்கு முடிக்கிறார் என்று அதன் தலைவர் கண்டித்தார். என் சுதந்திரத்தில் கைவைக்கிறீர்கள் என்று அவரே வழக்குப் போட, அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நான் அவர் பக்கம்தான்.

சரி, அப்படியானால் நீதிபதி தொழிலாளி இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003/88 வேலைநேர விதி, ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்குச் சராசரி 48 மணி என்கிறது. இத்தாலியில் சமாதான நீதிபதி (சிறு வழக்குகளைப் பார்ப்பவர்) ஒருவர் ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் கேட்டபோது, அவரும் அந்த விதியின்படி தொழிலாளியாக இருக்கலாம், சுதந்திரம் அதற்குத் தடையில்லை என்று லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020-ல் சொன்னது. ஆனால் அந்த விதி ஓவர்டைமுக்கு எவ்வளவு காசு என்று சொல்வதில்லை, அது அந்தந்த நாட்டுச் சட்டம். 2018-ல் போர்த்துக்கல் நீதிபதிகளின் சம்பளக் குறைப்பு வழக்கில் அதே நீதிமன்றத்தார், பொறுப்புக்கு ஏற்ற சம்பளமே நீதிபதியின் சுதந்திரத்துக்கு ஒரு காவல் என்றார்கள். ஆனால் அந்தக் குறைப்பு அரச ஊழியர் பலருக்கும் சேர்த்துத் தற்காலிகமாகச் செய்தது என்பதால் தவறில்லை என்று விட்டார்கள்.

என் கணிப்பில், கணக்குப் பார்க்க வேண்டியது ஆளை அல்ல, ஆசனங்களை. எந்த வகை வழக்குக்கு எத்தனை நிமிடம் என்று வைத்து, எத்தனை நீதிபதிகள் தேவை என்று கணக்கிட இங்கே ஒரு முறை இருக்கிறது, பெயர் பெப்சி (குளிர்பானம் இல்லை!). அந்தக் கணக்குக்கு ஏற்ற ஆளைப் போடாவிட்டால் பிழை அரசினுடையது.

அதனால் தாமதத்துக்கு நீதிபதியின் மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள். வழக்கு நடக்கும் அதே நீதிமன்றத்தில் உங்கள் லோயர் மூலம் தாமத ஆட்சேபம் பதியுங்கள், ஜேர்மனில் 'ஃபெர்ட்சோகெருங்ஸ்ரூகெ' என்று கேட்டால் அவருக்கு விளங்கும். 2011 முதல் இருக்கிற உரிமை இது. பதிந்து ஆறு மாதம் கழித்து இழப்பீட்டு வழக்குப் போடலாம். நியாயமற்ற தாமதம் என்று முடிவானால் வழமையாக ஆண்டுக்கு 1,200 யூரோ. காசு வருவது அரசிடமிருந்து, நீதிபதியின் சட்டைப்பையிலிருந்து அல்ல.